சின்ன வயசுல ஆபரேஷன் ஆயிடுச்சே என்று விட்டுவிடாதீர்கள்: பிறவி இதயக் கோளாறு உள்ள மனைவிக்கோ கணவருக்கோ துணையாக இருப்பவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸிலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறவரைப் பார்த்தாலே, ரேஷன் கார்டு நகல் விட்டுப்போச்சா, ஆதார் விட்டுப்போச்சா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கே என் மனைவியின் மருத்துவக் காகிதங்களை ஒழுங்கு பண்ணி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கல்யாணம் பேசும்போதே அத்தை மறைக்காமல் சொன்னார்கள். "சின்ன வயசுல இதயத்துல ஓட்டை இருந்துச்சு மாப்பிள்ளை, நாலு வயசுலயே சென்னையில ஆபரேஷன் பண்ணி அடைச்சாச்சு, இப்ப ஒண்ணும் இல்ல." எனக்கும் அது போதுமாக இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, 2018-ல், மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கியவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்றாள். அதன்பிறகுதான் தெரிந்தது, அது வெறும் ஓட்டை இல்லை, "டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ" என்று. நாலு கோளாறு சேர்ந்து வருவது. சின்ன வயதில் ஓட்டையை அடைத்ததும் குறுகிய வழியை அகலப்படுத்தியதும் நன்றாகவே இருந்தன. ஆனால் நுரையீரலுக்குப் போகிற வழியில் இருக்கும் வால்வு அத்தனை வருஷமாகக் கசிந்துகொண்டே இருந்து, வலது கீழறை வீங்கிப் போயிருந்தது. 2019-ல் வால்வு மாற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், எங்களுக்கு ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு, ஆபரேஷன் எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். நான் எழுதுவது அதைச் சுற்றி இருக்கிற வேலை: காகிதம், பணம், நேரம், அப்புறம் வாயை எப்போது மூடிக்கொள்வது என்பது. மனைவி, அவள் என்றுதான் எழுதியிருக்கிறேன், என் கதை அப்படி. கணவருக்கு இருந்தாலும் எட்டாவதில் கர்ப்பம் பற்றியதைத் தவிர எல்லாமே பொருந்தும்.

1. முதலில் நோயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

"ஓட்டை" என்பது பெயர் இல்லை. மேலறைச் சுவரில் ஓட்டை, கீழறைச் சுவரில் ஓட்டை, பெருந்தமனி குறுகியிருப்பது, எங்களுடையது போல நாலும் சேர்ந்தது, ஒரே ஒரு கீழறை மட்டும் வேலை செய்கிறதால் ரத்தத்தின் பாதையையே மாற்றி விடுகிற ஃபான்டன் ஆபரேஷன், இவை ஒவ்வொன்றுக்கும் பெரியவர்களான பிறகு வருகிற தொந்தரவு வேறு வேறு. ஒருவருக்கு வருஷம் ஒருமுறை எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்த்தால் போதும், இன்னொருவருக்குப் பிரசவமே ஆபத்து. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு ஓட்டை அடைத்து நன்றாக இருக்கிறார் என்பதை வைத்து நம் வீட்டுக் கணக்கைப் போட முடியாது.

டாக்டரிடம் இந்த நாலைக் கேளுங்கள். பிறக்கும்போது என்ன கோளாறு? எந்த வருஷம் என்ன ஆபரேஷன்? உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், அதாவது பேட்ச், வால்வு, குழாய், பேஸ்மேக்கர் எதாவது? இப்போது மிச்சம் என்ன பிரச்சினை? பதிலை டாக்டர் சொல்கிற ஆங்கிலப் பெயரோடு அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். நாம் காதில் விழுந்ததை எழுதினால் அடுத்த டாக்டருக்குப் புரியாது, எனக்கு நடந்தது.

2. பழைய ஃபைலைத் தேடுங்கள், இன்றைக்கே

மாமியார் வீட்டு டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு ஒரு மஞ்சள் ஃபைல் இருந்தது. அத்தை அதை 24 வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தார்கள், பிரித்துப் பார்த்ததுதான் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடித்தது, கார்பன் நகல், ஆனாலும் படிக்க முடிந்தது. ஈசிஜி மட்டும் முழு வெள்ளை. கட்டம் போட்ட காகிதம் இருக்கிறது, கோடு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அது சூட்டில் அச்சாகிற காகிதம், பஸ் கண்டக்டர் மெஷினில் கொடுக்கிற டிக்கெட் மாதிரி, நாளானால் அழிந்துவிடும். ஊருக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறவன் வீட்டில் இப்படி ஒரு காகிதம்.

அதனால் ஈசிஜி, எக்கோ படம் எது வாங்கினாலும் அன்றைக்கே இரண்டு நகல் எடுத்துவிடுங்கள், போனிலும் ஒரு படம். லேமினேஷன் மட்டும் பண்ணிவிடாதீர்கள், அந்தச் சூட்டில் காகிதம் முழுக்கக் கறுத்துவிடும். ஆஞ்சியோ, எம்ஆர்ஐ எல்லாம் சிடியில் தருவார்கள், இப்போது யாரிடம் சிடி போடுகிற கம்ப்யூட்டர் இருக்கிறது? பென்டிரைவில் ஏற்றி வையுங்கள்.

ஃபைலே இல்லை என்றால் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். பழைய உள்நோயாளி எண் இருந்தால் வேலை சுலபம். பெயர்க் குழப்பம் வரும், ஜாக்கிரதை. சின்ன வயதில் அப்பா இனிஷியலோடு ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் என் பெயர் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட எங்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழும் திருமணப் பதிவுச் சான்றும் தேவைப்பட்டன. ரொம்பப் பழைய ஃபைலை அழித்திருக்கவும் கூடும். அப்படியென்றால் மனம் விட வேண்டாம். தழும்பு நடு நெஞ்சில் இருக்கிறதா, விலாப் பக்கம் இருக்கிறதா என்பதை வைத்தும், புது எக்கோ, எம்ஆர்ஐ வைத்தும் என்ன நடந்திருக்கும் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

3. எங்கே காட்டுவது

இதய டாக்டர் என்றால் எல்லாரும் ஒன்று என்று நினைத்துத்தான் நான் ஆறு மாதம் வீணாக்கினேன். முதலில் போன இடத்தில், தனியார், பெயர் வேண்டாம், "டென்ஷன்தான், தூக்கம் வர மாத்திரை தர்றேன்" என்று அனுப்பிவிட்டார்கள். நம் பக்கம் இதய டாக்டர்கள் தினம் பார்ப்பது மாரடைப்பும் பிரஷரும். குழந்தை இதய டாக்டர்கள் குழந்தைகளைப் பார்ப்பார்கள். பிறவிக் கோளாறோடு வளர்ந்துவிட்டவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். அரசின் குழந்தைகள் பரிசோதனைத் திட்டமும் 18 வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் யாரும் கூப்பிட்டு நினைவுபடுத்த மாட்டார்கள், நாம்தான் போக வேண்டும்.

எனவே போனிலேயே கேளுங்கள்: "பிறவி இதயக் கோளாறு உள்ள பெரியவர்களைப் பார்க்கிற டாக்டர் எந்தக் கிழமை இருப்பார்?" இந்த ஒரு கேள்வி நிறைய அலைச்சலைக் குறைக்கும். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குப் பக்கத்தில் பெரியது கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர், அங்கே இதய மருத்துவமும் இதய அறுவைச் சிகிச்சையும் தனித்தனித் துறை. சிக்கலான கோளாறு என்றால் சென்னை, வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா என்று அனுப்புவார்கள். எங்கே போனாலும் உள்ளூரில் ஒரு டாக்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 11 மணிக்குப் படபடப்பு வந்தால் வேலூருக்குப் போக முடியாது, ஃபைலை ஒருமுறை பார்த்த டாக்டர் பத்து நிமிஷத் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஜிப்மர் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அது மத்திய அரசு நிறுவனம், அவர்கள் விடுமுறைப் பட்டியல் வேறு. நமக்கு வேலை நாளாக இருக்கும், அங்கே ஓ.பி. கிடையாது. நான் ஒருமுறை கடையைப் பூட்டிக்கொண்டு, இவளை வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் லீவு போட வைத்து, விடியற்காலை பஸ் பிடித்துப் போய், கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். போவதற்கு முன்னால் பட்டியலைப் பாருங்கள். மற்றபடி காலையிலேயே போய்விட வேண்டும், ஒரு முழு நாள் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறுகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சாதாரண எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. யாரோ சொன்னார்கள் என்று மத்தியானம் 1 மணி வரை இவளைப் பட்டினி போட்டு வரிசையில் நிற்க வைத்திருக்கிறேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எக்கோ, ஆஞ்சியோ, இவற்றுக்குத்தான் வெறும் வயிறு, அதை அவர்களே சொல்வார்கள். எம்ஆர்ஐ எழுதினால் பேஸ்மேக்கரோ உலோகமோ உள்ளே இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து ஏற்றி எடுப்பதென்றால் கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட் கேட்கலாம், அதைக் கடலூரிலேயே எடுத்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம். நாங்கள் அப்போது வெளியே கொடுத்தது எக்கோவுக்கு 1,800 ரூபாய், இதய எம்ஆர்ஐக்கு 9,500. இடத்துக்கு இடம் மாறும், இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு எடுங்கள்.

4. டாக்டர் அறையில் பேச வேண்டியது யார்

இதைத்தான் நான் ரொம்பத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். டாக்டர் அவளைப் பார்த்து, "மாடி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டார். நான் உடனே, "வாங்குது சார், ஒரு மாடி ஏறினாலே நின்னுடுறாங்க, ராத்திரியும் சரியா தூங்குறதில்ல" என்று ஒப்பித்தேன். அடுத்த கேள்விக்கும் நான். மாத்திரைப் பெயரும் நான். வெளியே வந்ததிலிருந்து அவள் பேசவில்லை. பஸ் கன்னியக்கோயில் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள், "ஏங்க, என் மூச்சு உங்களுக்கு எப்படித் தெரியும்?" பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவள் ராத்திரி தூங்காததற்குக் காரணம் மூச்சுத் திணறல் இல்லை, பயம். அது வேறு மருந்து, வேறு பேச்சு. நான் சொன்னதை வைத்து டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டியிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் ஏற்பாடு இது. கேள்விகளை முந்தின ராத்திரி இருவரும் உட்கார்ந்து எழுதுவோம், அவள் பேசுவாள், நான் எழுதிக்கொள்வேன். அவள் எதையாவது விட்டால் மட்டும், அவளைப் பார்த்து, "அன்னைக்கு மயக்கம் வந்துச்சே, அத சொன்னியா?" என்று கேட்பேன். டாக்டரிடம் நேராகச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் நாம்தான் கவனித்துச் சொல்ல வேண்டியது. பிறவியிலிருந்தே இப்படி இருப்பவர்களுக்கு எது சாதாரணம் என்று தெரியாது. மூச்சு வாங்கும் முன்பே நின்று பழகியிருப்பார்கள். இவள் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையாக விலை கேட்பதே நிற்பதற்காகத்தான் என்று எனக்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. "போன வருஷம் முடிந்தது எது இந்த வருஷம் முடியவில்லை" என்று கேட்டுப் பாருங்கள், சரியான பதில் வரும்.

5. அட்டையும் பணமும்

தமிழ்நாட்டு முகவரி என்றால் முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஒரு ஆளுக்கு இல்லை, குடும்பம் முழுக்கச் சேர்த்து, அதே வருஷம் மாமனாருக்கு வேறு ஆபரேஷன் ஆகியிருந்தால் அதுவும் இதிலேதான் கழியும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இதோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் கேட்க 1800 425 3993, கட்டணம் கிடையாது.

இங்கேதான் பெரிய பள்ளம். அட்டை ரேஷன் கார்டை வைத்து வருகிறது. கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் என் மனைவி பெயர் விருத்தாசலத்தில் அவள் அப்பா கார்டிலேயே இருந்தது. அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். சேர்த்து, ஸ்மார்ட் கார்டில் பெயர் வந்து, அதன்பிறகு காப்பீட்டில் சேர்க்க, எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆபரேஷன் தேதி கையில் இருக்க, நான் தாலுகா ஆபீஸில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் ஆரோக்கியமாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். என் கடைக்கு வருகிற புது மாப்பிள்ளைகள் எல்லாரிடமும் கேட்காமலேயே சொல்கிறேன்.

இன்னொன்று. அட்டை இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்க வேண்டும், அதுவும் உங்களுக்குச் செய்யப் போகிற அந்தச் சிகிச்சைக்கு இருக்க வேண்டும். சேர்வதற்கு முன்னால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் இரண்டையும் கேளுங்கள். ஆஸ்பத்திரி கேட்டு ஒப்புதல் வந்த பிறகுதான் சிகிச்சை. நாம் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கான திட்டம் இல்லை அது. புதுச்சேரி முகவரிக்காரர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் அட்டை, அதற்கு 14555. அரை மணி நேரத் தூரம்தான், ஆனால் அவர்கள் அட்டை வேறு, நம் அட்டை வேறு. மைத்துனர் வில்லியனூரில் இருக்கிறார் என்று அவர் சொல்வதைக் கேட்டு நாம் காகிதம் சேர்க்கக் கூடாது.

வேலை பார்க்கிற இடத்தில் மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தால் மனைவிக்கும் அது உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். தனியார் பாலிசி எடுப்பதென்றால் மறைக்காமல் எழுதுங்கள். ஏஜென்ட் "சின்ன வயசு ஆபரேஷன்தானே, விட்டுடுங்க" என்பார். நெஞ்சின் நடுவில் தழும்பு இருக்கிறது, எப்படி விடுவது? 2024 ஏப்ரலிலிருந்து வந்த விதிப்படி ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். பாலிசியில் "வெளியே தெரிகிற பிறவிக் கோளாறு", "உள்ளுறுப்புப் பிறவிக் கோளாறு" என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இதயம் இரண்டாவது. அது எந்தப் பக்கத்தில் என்ன நிபந்தனையோடு இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாம் என்று ஒருவர் சொல்லி நான் இரண்டு நாள் அலைந்தேன். 2016 சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இதய நோய் இல்லை. அலையாதீர்கள். ரயில் சலுகை மட்டும் உண்டு. இதய ஆபரேஷனுக்காகப் போகிற நோயாளிக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் குறைப்பார்கள். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுன்டரில்தான் எடுக்க வேண்டும்.

6. மறுபடி ஆபரேஷன் என்று சொன்னால்

முதல் வேலை பல் டாக்டர். ஆமாம், பல். சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் வாய் சுத்தமாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வரச் சொல்வார்கள். இவளுக்கு இரண்டு சொத்தை. அதைப் பிடுங்கி, புண் ஆறி, ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது.

வால்வில் இரண்டு வகை. உலோக வால்வு நெடுநாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விலங்குத் திசுவில் செய்த வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் 10, 15 வருஷத்தில் தேய்ந்து மறுபடி மாற்ற வேண்டி வரும். குழந்தை வேண்டும் என்று இருந்ததால் எங்களுக்கு இரண்டாவது வகை. சிலருக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாகவே வால்வை வைத்துவிட முடியும், உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள். "எத்தனை பேர், என்றைக்கு" என்பதை ஒரு வாரம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நண்பர்கள் வருகிறேன் என்பார்கள், அன்றைக்குக் காலையில் ஒருவருக்கு ஜுரம், ஒருவர் முந்தின நாள் குடித்திருப்பார். ஆறு பேர் தேவையென்றால் பத்துப் பேரிடம் சொல்லி வையுங்கள். காப்பீட்டில் ஆபரேஷன் முழுக்கப் போனாலும் எங்கள் கைக்காசு 38,000 ரூபாய்: முன்கூட்டி எடுத்த டெஸ்ட், அறை வாடகை, கூட இருந்த அத்தைக்கும் எனக்கும் சாப்பாடு, போக்குவரத்து. கடை மூடியிருந்த 19 நாளை இதில் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்செலும்பு சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். குடம், ஈரத்துணி பக்கெட், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பூப்போட்ட தலையணை மூன்று மாதம் அவள் கையிலேயே இருந்தது, டிவியில் காமெடி வந்தால் சிரிப்பதற்கு முன்னால் அதைத்தான் தேடுவாள். அந்த மூன்று மாதம் மாவு கடையில் வாங்கினோம். உறவுக்காரர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள். பேசட்டும்.

7. ஜுரம், பல், மாத்திரைக் கடை

இதைத் தனியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மூன்று நாளுக்கு மேல் ஜுரம், குளிர் நடுக்கம், இராத்திரி வியர்வை என்றால் மெடிக்கலில் போய் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். வால்வில் கிருமி பிடித்திருந்தால் அது எந்தக் கிருமி என்பது, ரத்தத்தில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்டில்தான் தெரியும். இரண்டு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டாலே அந்த டெஸ்டில் கிருமி அகப்படாமல் போகலாம், வியாதி மட்டும் உள்ளே இருக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமே "வால்வு மாத்தியிருக்கு, மாத்திரைக்கு முன்னால கல்ச்சர் எடுக்கணுமா?" என்பதாக இருக்கட்டும்.

பல் பிடுங்க, ஈறு சுத்தம் பண்ணப் போனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வேளை ஆன்டிபயாடிக் போட வேண்டியவர்களில் வால்வு மாற்றியவர்கள் உண்டு. எல்லாப் பிறவிக் கோளாறுக்கும் தேவையில்லை. உங்களுக்குத் தேவையா, எந்த மாத்திரை, எவ்வளவு என்று இதய டாக்டரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள். பல் டாக்டர் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மூட்டுவலிக்கு, தலைவலிக்கு என்று கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரை ஆபத்து. நாட்டு மருந்தும் கேட்டுவிட்டுத்தான். கீரையை நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தினம் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்றி இறக்காமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மூக்கடைப்புக்குத் தருகிற சில சளி மாத்திரைகள் நெஞ்சைப் படபடக்க வைக்கும், இவளுக்கு ஒரு தடவை அப்படி ஆகி ராத்திரி முழுக்க நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

8. குழந்தை வேண்டும் என்றால்

கருத்தரித்த பிறகு போய்ச் சொல்வது தப்பு. முன்னாலேயே போக வேண்டும், இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் ஒரே ஃபைலைப் பார்க்க வேண்டும். சில மாத்திரைகளை முன்பே மாற்ற வேண்டியிருக்கும், ரத்தம் உறையாமல் தருகிற வார்ஃபரின் வகை முதல் மூன்று மாதம் சிசுவைப் பாதிக்கக்கூடியது. நுரையீரல் ரத்த அழுத்தம் ரொம்ப ஏறியவர்களுக்குக் கர்ப்பமே தாயின் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்கள் வேண்டாம் என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்க வேண்டி வந்தால் இருவரும் சேர்ந்து கேளுங்கள், அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். கருத்தடை மாத்திரையும் கடையில் வாங்காதீர்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ளது ரத்தக்கட்டி உண்டாக்கலாம்.

குழந்தைக்கு வருமா என்று எல்லாரும் கேட்பார்கள். பொதுவாக நூறு குழந்தையில் ஒன்றுக்கு இருப்பது, பெற்றவருக்கு இருந்தால் நூறில் மூன்று முதல் ஐந்து வரை ஆகிறது, கோளாறைப் பொறுத்து மாறும். எங்களுடையது போன்ற கோளாறில் சிலருக்கு 22-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். அது இருந்தால் குழந்தைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கேளுங்கள். 18-லிருந்து 22 வாரத்துக்குள் சிசுவின் இதயத்துக்கு மட்டும் தனி எக்கோ எடுக்க வேண்டும், சாதாரண ஸ்கேனை வைத்து முடித்துவிடாதீர்கள். அதற்கு ஆள் எல்லா ஊரிலும் கிடையாது, 16 வாரத்திலேயே தேதி வாங்கிவிடுங்கள்.

9. ஐப்பசி, கார்த்திகை

கடலூர்க்காரர்களுக்குப் புயலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து புதுச்சேரி ரோடு அடைபட்டது. எங்கள் வீட்டில் அன்றைக்கு நாலு மாத்திரைதான் இருந்தது. தெருவில் கரண்ட் இல்லை, மெடிக்கல் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது, முழங்கால் தண்ணீரில் போய்ப் போன் வெளிச்சத்தில் வாங்கி வந்தேன். இப்போது அக்டோபர் பிறந்தால் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிடுகிறேன்.

கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. உள்ளே மாத்திரை, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி நகல், கடைசி ஈசிஜி நகல், காப்பீட்டு அட்டை நகல், ஆதார் நகல், எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள். ஈசிஜி நகல் முக்கியம். இவள் மாதிரி ஆட்களின் ஈசிஜி நன்றாக இருக்கும்போதே கோணலாகத்தான் இருக்கும். பழையது கையில் இருந்தால்தான் புதியதில் என்ன மாறியிருக்கிறது என்று டியூட்டி டாக்டருக்குத் தெரியும்.

மயங்கி விழுந்தால், நெஞ்சு ஓட்டம் நிற்காவிட்டால், படுத்தால் மூச்சு முட்டினால், இருமலில் ரத்தம் வந்தால், ஒரு கை கால் திடீரென்று விளங்காமல் போனால், உள்ளூர் டாக்டர் போனை எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108. பைக்கில் நடுவில் உட்கார வைத்து இருவர் பிடித்துக்கொண்டு போவதெல்லாம் வேண்டாம். பையில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது: நோயின் பெயர், ஆபரேஷன் வருஷங்கள், வால்வு வகை, மாத்திரைகள், எது ஒவ்வாது, என் நம்பர். எழுதியது அவள், லேமினேஷன் போட்டது நான்.